செவ்வாய்க்கிழமை ஊசி, வெள்ளிக்கிழமை மரணம்

ஒக்ரோபர் பிறந்துவிட்டால் எங்கள் மருந்தகத்தில் ஊசிக் காலம். புளூ ஊசி ஒரு கையில், கொவிட் ஊசி மறு கையில். பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று பதிவு போட்டிருப்போம். பதிவில்லாமல் வருகிறவர்களையும் திருப்பி அனுப்ப மனம் வராது. கனடாவில், ரொறன்ரோவை அடுத்த மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதியை ஒட்டிய சின்னக் கடைத்தொகுதி அது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். மருந்தாளர் என்று நான் ஒருத்தி, உதவிக்கு ஒரு பெண், பின்னால் அலுவலக அறையில் முதலாளி. அந்த மாதம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டை நான் நின்றபடிதான் சாப்பிடுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணியளவில் அவர் வந்தார். பாடசாலை பஸ் ஓட்டுகிறவர், அறுபதை எட்டிக்கொண்டிருந்தவர். காலை ஓட்டம் முடிந்து பின்னேர ஓட்டம் தொடங்கும் வரைக்கும் கிடைக்கிற இடைவெளியில்தான் எப்போதும் வருவார். மனைவியின் நீரிழிவு மாத்திரைகளை எடுத்துப்போவார். வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புது வீடு வாங்கிப் போன பிறகும் மருந்தகத்தை மாற்றவில்லை. "அங்கையும் மருந்து குடுப்பாங்கள் தங்கச்சி. ஆனா ஆரோடை கதைக்கிறது?" என்று ஒருமுறை சொன்னார்.

திரைக்குப் பின்னாலிருந்த கதிரையில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார்.

"மனிசி வேண்டாம் எண்டவ. வட்ஸ்அப்பிலை வாற வீடியோ எல்லாம் பாத்திட்டு ஒரே பயம். அவவுக்குச் சொல்லாமல்தான் வந்திருக்கிறன்."

"பிறகு தெரிஞ்சால் சண்டை வராதோ அண்ணை?"

"நாள் முழுக்கப் பிள்ளையளுக்கை நிக்கிறன். எனக்கு வந்தால் அவவுக்கும் வரும். பிறகு சொல்லிக்கொள்ளுவம்."

கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். ஒவ்வாமை இல்லை. முந்தைய ஊசிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் இல்லை. கொவிட் ஊசியை இடது கையில் போட்டேன். பஞ்சை அமத்திப் பிளாஸ்டர் ஒட்டியபோது அவர் சொன்னார்:

"தங்கச்சி, நெஞ்சுக்குள்ளை ரெண்டு நாளா ஏதோ அடைச்சமாதிரிக் கிடக்கு. வாய்வு போலை. ஏதும் இருந்தால் தாங்கோ."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சனிக்கிழமை ஒரு பேத்டே பார்ட்டி. மட்டன் றோல்ஸ் கொஞ்சம் கூடிப்போச்சு."

நான் சிரித்தேன். வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. இரண்டாவது தட்டிலிருந்து வாய்வுக்கும் நெஞ்செரிவுக்கும் கொடுக்கிற மாத்திரைப் போத்தல் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு சப்புங்கோ. நிக்காட்டி டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

அவ்வளவுதான். அந்த வயதில் ஒருவர் நெஞ்சைக் காட்டி ஒரு சொல் சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நடந்தால் கூடுதா, கைக்கோ தாடைக்கோ இறங்குதா, வேர்க்குதா, மூச்சு வாங்குதா. அரை நிமிடம்கூட எடுக்காத கேள்விகள். வேறு நாட்களில் கேட்டிருக்கிறேன். கேட்டு, இரண்டு பேரை நேரே அவசர சிகிச்சைக்கு அனுப்பியும் இருக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை.

ஊசிக்குப் பிறகு பதினைந்து நிமிடம் இருக்க வேண்டும். இருந்தார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது கை காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. அவருடைய மகள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிற, இங்கேயே பிறந்த பிள்ளை. குரல் தட்டையாக இருந்தது.

"அன்ரி, அப்பா இண்டைக்குக் காலமை பாஸ்ட் அவே."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"பாத்றூமிலை விழுந்து கிடந்தவர். பரமெடிக்ஸ் வந்தவை. ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்ரி, நீங்கள்தானே அவருக்கு ஷொட் குடுத்தது? பொக்கற்றுக்கை பேப்பர் இருந்தது. அம்மா இப்பதான் கண்டவ. பொலிஸ் வந்திருக்கு. கொறனர் உங்களோடை கதைப்பாவாம்."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவளுக்குப் பின்னால் அவளுடைய தாய் அழுவது கேட்டது. அழுகைக்கு நடுவே ஒரு வசனம் மட்டும் தெளிவாக வந்தது. "எனக்குச் சொல்லாமல் போய்ப் போட்டிருக்கிறார்."

இங்கே கொறனர் என்றால் மரண விசாரணை அதிகாரி. அவரும் ஒரு டொக்டர்தான். வீட்டில் திடீரென்று ஒருவர் இறந்தால் ஏன், எப்படி என்று தீர்மானிப்பது அவருடைய பொறுப்பு. தேவைப்பட்டால் பிரேத பரிசோதனைக்கு உத்தரவிடுவார். குடும்பம் விரும்பாவிட்டாலும் உத்தரவிடலாம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவரும் மருந்தாளர், என்னைவிடப் பத்து வருடம் அனுபவம் கூடியவர். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஊசி சரியாத்தானே போட்டனீர்? மருந்து காலாவதி ஆகேல்லைத்தானே? கேள்வியெல்லாம் கேட்டு எழுதினனீர்தானே?"

"ஓம். ஆனா அவர் நெஞ்சு அடைக்குது எண்டவர். நான் வாய்வு மாத்திரை குடுத்து அனுப்பினன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கேட்டால் சொல்லும். கேக்காட்டி நீராப் போய்ச் சொல்லாதையும். அவை விசாரிக்கிறது ஊசியை."

தடுப்பூசிக்குப் பிறகு யாருக்காவது பாரதூரமாக ஏதும் நடந்தால் சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க ஒரு படிவம் இருக்கிறது. அன்று மத்தியானம் அதை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், பிறந்த திகதி, ஊசியின் தொகுதி இலக்கம், எந்தக் கை. 'அதே நேரத்தில் பெற்ற வேறு மருந்துகள்' என்று ஒரு கட்டம் வந்தது. மாத்திரையின் பெயரைத் தட்டினேன். அழித்தேன். தட்டிலிருந்து எவரும் எடுத்துப் போகக்கூடிய சாமான்தானே, நான் கொடுத்த மருந்து என்று அதைச் சொல்லலாமா என்று எனக்கு நானே வாதாடினேன். கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன்.

பிரேத பரிசோதனை செய்யப் போகிறார்கள் என்றதும் வீட்டில் பிரச்சினை எழுந்தது. "அவரை வெட்ட விடமாட்டன்" என்று மனைவி பிடிவாதமாக நின்றார். மகள் செய்யத்தான் வேண்டும் என்றாள். கடைசியில் அவர்கள் இருவருடைய விருப்பத்துக்கும் அங்கே இடமிருக்கவில்லை. விசாரணை அதிகாரி உத்தரவிட்டுவிட்டார். கிரியைகள் நான்கு நாள் தள்ளிப்போயின.

உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்துக்கு நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று முதலாளி சொன்னார். வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள்.

"உவதான் ஊசி போட்டவ."

"உவவோ? பாத்தால் நல்ல மனிசி மாதிரிக் கிடக்கு."

பெட்டிக்குள் அவர் நீலக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுப் படுத்திருந்தார். அப்படி உடுத்தி அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. பக்கத்தில் கதிரையில் இருந்த மனைவி என் கையைப் பிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"வெட்டிப்போட்டினம் பிள்ளை. கழுத்து வரைக்கும் கோட்டைப் போட்டு மறைச்சிருக்கினம்."

நான் அவருடைய கையை விடாமல் நின்றேன். அப்போதே குனிந்து சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை காத்திருந்தது. நகர்ந்தேன்.

விசாரணை அதிகாரி அழைத்தது அதற்கடுத்த நாள். அவசரம் காட்டாத ஒரு பெண் குரல். ஆங்கிலத்தில், ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எழுதுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டு கேட்டார். எத்தனை மணிக்கு வந்தார், எந்த ஊசி, எந்தக் கை, எவ்வளவு நேரம் இருந்தார், போகும்போது எப்படி இருந்தார். அன்றைய ஊசிப் பதிவுக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாப் பதிலும் என்னைக் காப்பாற்றுகிற பதிலாகவே இருந்தது.

"அன்று அவர் வேறு ஏதாவது வாங்கினாரா? உடம்பைப் பற்றி ஏதாவது சொன்னாரா?"

அலுவலக அறைக் கதவு திறந்திருந்தது. முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னார்," என்றேன்.

"அவர் பயன்படுத்திய அதே சொற்களைச் சொல்ல முடியுமா?"

முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தேன், எனக்குள்ளே. நெஞ்சுக்குள்ளை ரெண்டு நாளா ஏதோ அடைச்சமாதிரிக் கிடக்கு. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு நாட்களாக நெஞ்சில் ஒரு இறுக்கம், ஒரு அடைப்பு. தமிழில் கேட்டபோது அது மட்டன் றோல்ஸும் வாய்வும். ஆங்கிலத்தில் அதே வசனம், பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிற மாரடைப்பு அறிகுறி. வாய்வு என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், எங்கள் ஆட்கள் நெஞ்சுக்குள் என்ன வந்தாலும் முதலில் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள் என்றேன். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

மறுமுனையில் எழுதுகிற சத்தம் கேட்டது.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"மாத்திரை விற்றேன்."

"வேறு கேள்வி கேட்டீர்களா?"

"இல்லை."

"நன்றி. இது முக்கியமான தகவல்," என்றார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போனை வைத்தபோது முதலாளி எழுந்து வந்து என்னைக் கடந்து போய்க் கடைசித் தட்டிலிருந்த பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். அவை ஏற்கனவே அடுக்கித்தான் இருந்தன.

அந்தப் பனிக்காலம் எப்படிப் போனது என்று எனக்கே தெரியவில்லை. ஊசிக்குப் பதிவு செய்தவர்கள் சிலர் சொல்லாமலே வராமல் விட்டார்கள். மருந்து எடுக்க வந்தவர்கள் கவுண்டரில் சாய்ந்து கேட்டார்கள். "தங்கச்சி, அந்த பஸ் ஓடுற மனிசன் ஊசியாலையோ போனவர்?" ஒரு நோயாளியைப் பற்றி நான் இன்னொருவரிடம் கதைக்க முடியாது. "எனக்குச் சொல்ல ஏலாது அங்கிள்" என்றால், அது அவர்களுக்கு ஓம் என்று கேட்டது. நான் வாய் திறக்காத ஒவ்வொரு முறையும் அந்தக் கதை கொஞ்சம் வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை ஊசி, வெள்ளிக்கிழமை மரணம். நினைவில் வைப்பதற்கு எவ்வளவு சுலபமான கதை.

பங்குனி மாதம் அறிக்கை வந்தது. மகள் அதை ஒரு கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தாள்.

"அன்ரி, எனக்கு வாசிக்க விளங்குது. ஆனா அம்மாவுக்குத் தமிழிலை சொல்ல எனக்கு வேர்ட்ஸ் இல்லை. ஹெல்ப் பண்ணுவீங்களா?"

ஊசி போடுகிற அந்தத் திரைக்குப் பின்னால் இருந்து இருவரும் வாசித்தோம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் பல வருடங்களாகச் சுருங்கி வந்திருக்கின்றன. ஒன்று முழுதாக அடைத்துவிட்டது. இதயத் தசையில் ஒரு பகுதி, இறப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே பாதிக்கப்பட்டிருக்கிறது. ஊசிக்கு முன்பே தொடங்கிய பாதிப்பு. தடுப்பூசி இந்த மரணத்துக்குக் காரணமாக இருந்ததற்கு எந்த அடையாளமும் காணப்படவில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்து அவருக்கு நெஞ்சில் அசௌகரியம் இருந்ததாகத் தகவல் கிடைத்தது என்ற வரி.

"இதை ஆர் சொன்னது? அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கண்கள் அவளுடைய தகப்பனுடையவை.

"கொறனர் கனபேரோடை கதைச்சிருப்பா பிள்ளை," என்றேன்.

"மே பி வேலை இடத்திலை சொல்லியிருப்பார்," என்று அவளே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள். நான் தலையாட்டினேன்.

விசாரணை அதிகாரியிடம் உண்மையைச் சொன்னவள், அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. அரசாங்கம் கேட்டபோது சொல்லப் பயம் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். இந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு நிற்பது என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய பயம்.

வைகாசியில் ஒரு சட்டமூலம் பற்றிய பேச்சு வந்தது. மாகாண சட்டசபை உறுப்பினர் ஒருவர் முன்வைத்திருந்தார். தடுப்பூசி போட்டுக் குறிப்பிட்ட நாட்களுக்குள் யார் இறந்தாலும் மரண விசாரணை அதிகாரி கட்டாயம் விசாரிக்க வேண்டும், பிரேத பரிசோதனை செய்ய வேண்டும், முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். தமிழ் வானொலியில் இரண்டு நாள் அதைப் பற்றியே அழைப்புகள். ஊசியை நம்பாதவர்கள் அதை ஆதரித்தார்கள். நம்புகிறவர்களில் சிலரும், விசாரித்தால் என்ன குறைந்துவிடும் என்றார்கள். வேறு சிலர், தொண்ணூறு வயதுக்காரர் நித்திரையில் போனாலும் வெட்டிப் பார்ப்பதா என்று கேட்டார்கள். எனக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. விசாரணை இல்லாவிட்டால் நான் ஒருநாளும் வாய் திறந்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். சட்டமூலம் ஊசியை மட்டும்தான் கேட்கிறது என்பதும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய மனைவி அழைத்தார். பார்வை மண்டபத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, இஞ்சை பொதுவேலை செய்யிற தம்பி ஒருத்தர் வாறார். அந்தச் சட்டத்துக்கு ஆதரவா என்னைக் கதைக்கச் சொல்லி வீடியோ எடுக்கப் போறார். சட்டசபைக் கொமிற்றிக்கும் அனுப்புவாராம். நீர்தானே போட்டனீர். நீரும் வந்து, ஓம் நான்தான் போட்டனான், மூண்டாம் நாள் ஆள் இல்லை எண்டு சொல்ல வேணும். பொய் சொல்லச் சொல்லேல்லை. நடந்ததைத்தானே சொல்லச் சொல்லுறன்."

"எத்தினை மணிக்கு அக்கா?"

"நாலு மணிக்கு வாறார்."

நான் இரண்டரைக்கே போனேன். ஸ்ரௌவ்வில்லில் அவர்களுடைய தெருவில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி. இன்னும் வளராத மரங்களுக்குக் கம்பு நட்டுக் கட்டியிருந்தார்கள். மகள் கதவைத் திறந்தாள். "அம்மா கேக்க மாட்டேன் எண்டுறா. றிப்போட்டை நான் பத்துத் தரம் வாசிச்சுக் காட்டிட்டன். நீங்கள் சொன்னால் கேப்பா," என்று என் காதுக்குள் சொன்னாள். அவள் என்னைத் தன்னுடைய பக்கம் என்று நினைத்திருந்தாள்.

சமையலறை மேசையில் அக்கா வெள்ளைச் சேலையோடு இருந்தார். முன்னால் ஒரு கடதாசியில் என்ன சொல்ல வேண்டும் என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருக்கச் சொன்னார். இருந்தால் எனக்குச் சொல்ல வராது என்று பயந்து நின்றேன்.

"அக்கா, அந்த றிப்போட்டிலை நெஞ்சு ஏதோ செய்தது எண்டு ஒரு வரி கிடக்கு. அதைக் கொறனருக்குச் சொன்னது நான்."

மகள் குளிர்சாதனப் பெட்டியோடு சாய்ந்து நின்றாள். அவள் நிமிர்ந்தது எனக்குத் தெரிந்தது.

"ஊசி போட வந்த அண்டைக்கு அண்ணை எனக்குச் சொன்னவர். ரெண்டு நாளா நெஞ்சுக்குள்ளை அடைச்சமாதிரிக் கிடக்கு, வாய்வு போலை எண்டவர். நான் ஒண்டும் கேக்கேல்லை. வாய்வு மாத்திரை குடுத்து அனுப்பினன்."

அக்கா கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா எண்டவரோ?"

"ஓம்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து." மெதுவாகச் சொன்னார், தனக்குத் தானே கணக்குப் பார்க்கிறவர் போல. "ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டில்லை படுக்கேல்லை. சோபாவிலை சாஞ்சுகொண்டு இருந்தவர். நான் கிரிக்கெட் பாக்கிறார் எண்டு நினைச்சன். ரீவியை நிப்பாட்டிப்போட்டுப் படுங்கோ எண்டு பேசினன்."

பிறகு அவர் தலையை நிமிர்த்தினார்.

"நீர் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்?"

"உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பன் அக்கா. அம்புலன்சுக்கு நானே அடிச்சிருப்பன்."

"போயிருந்தால் இருந்திருப்பாரோ?"

காரில் வரும்போது இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில்களை அடுக்கிப் பார்த்திருந்தேன். குழாய்கள் வருடக்கணக்காகச் சுருங்கியவை, ஏற்கனவே பாதிப்புத் தொடங்கிவிட்டது, யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. எல்லாமே உண்மைதான்.

"தெரியாது அக்கா. இருந்திருக்கலாம்."

மகள்தான் முதலில் பேசினாள். சத்தம் போடவில்லை.

"மார்ச்சிலை நான் உங்களிட்டைக் கேட்டனான் அன்ரி. ஆர் சொன்னது எண்டு கேட்டனான். யூ லுக்ட் அற் மீ."

"ஓம் பிள்ளை."

"நான் அவற்றை வேலை இடத்துக்குப் போன் பண்ணினன். ஒவ்வொருத்தராக் கேட்டனான். ஒருத்தருக்கும் தெரியேல்லை. நான் எண்டால், எங்களுக்கு மட்டும்தான் சொல்லேல்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

அவள் படியேறிப் போனாள். மேலே ஒரு கதவு சாத்துப்பட்டது. அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

அக்காவும் நானும் சமையலறையில் தனியாக இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர் தன் கடதாசியை இரண்டாக மடித்தார், திரும்ப விரித்தார். வாசலில் மணி அடித்தபோது இருவரும் திடுக்கிட்டோம். நான்கு மணி.

அவரே போய்க் கதவைத் திறந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அந்த மனிதருடைய தோளும் கமெராப் பையும் மட்டும் தெரிந்தன.

"இண்டைக்கு ஏலாது தம்பி."

"அக்கா, இந்தக் கிழமைக்குள்ளை அனுப்ப வேணும். ரெண்டு நிமிசம் காணும். நீங்கள் ஒண்டும் கூடச் சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமை போட்டது, வெள்ளிக்கிழமை போனது. அவ்வளவுதான்."

"அது காணாது தம்பி."

"என்ன அக்கா?"

"ஊசியாலை எண்டு சொல்ல என்னட்டை இப்ப ஒண்டும் இல்லை. நடுவிலை ஒரு கதை கிடக்கு. அதை விட்டிட்டு நான் சொல்ல மாட்டன்."

அவர் இன்னும் ஏதோ சொல்லிப் பார்த்தார். அக்கா கதவை மெல்லச் சாத்தினார். திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அழவில்லை.

"நீரும் போம்," என்றார்.

அடுத்த கிழமை அக்காவின் மருந்துகளை வேறொரு மருந்தகத்துக்கு மாற்றும்படி தொலைநகல் வந்தது. கோப்பை நானே தயார் செய்து அனுப்பினேன். ஆனியில் எங்கள் தொழிலைக் கண்காணிக்கும் சபையிலிருந்து கடிதம் வந்தது. மகள் முறைப்பாடு செய்திருந்தாள். மூன்று பக்கம், தெளிவான ஆங்கிலம், ஒரு இடத்திலும் மிகைப்படுத்தல் இல்லை. முதலாளி சட்டத்தரணி வைக்கலாம் என்றார். நான் நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினேன், படிவத்தில் வெறுமையாக விட்ட அந்தக் கட்டம் உட்பட. அவர்கள் எழுத்தில் எச்சரித்தார்கள். நெஞ்சு நோ என்று வருகிறவர்களை விசாரிப்பது பற்றி ஒரு பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் புதிதாகப் படித்து வந்த பிள்ளைகள்.

முதலாளியோடு எனக்கிருந்த நெருக்கம் போய்விட்டது. வேலையில் குறை இல்லை. ஆனால் அவர் முன்போல் என்னோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றும் கதைப்பதில்லை. நான் கேட்டு, ஊசிப் பதிவுகளுக்கு நடுவே இன்னும் ஐந்து நிமிடம் கூட்டினார். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

சட்டமூலம் நகரவில்லை. ஒரு நாள் வீடு திரும்பும்போது கார் வானொலியில், சட்டசபை கோடை விடுமுறைக்குப் போகிறது, இன்னின்ன சட்டமூலங்கள் கிடப்பில் கிடக்கின்றன என்று சொன்னார்கள். அந்த வரிசையில் இதுவும் இருந்தது. அக்காவுக்கு யாரும் சொல்லியிருப்பார்களா என்று யோசித்தேன். ஒரு வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தி, எடுக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டே அழைத்தேன். எடுத்தார்.

"தெரியும் பிள்ளை. மகள் பாத்துச் சொன்னவள்." பிறகு கேளாமலே சொன்னார். "நானும் கொமிற்றிக்கு ஒரு கடிதம் போட்டனான். தமிழிலை எழுத, மகள் இங்கிலிசுக்கு மாத்தினவள்."

"என்ன எழுதினனீங்கள் அக்கா?"

"விசாரியுங்கோ எண்டு எழுதினன். ஊசியை மட்டும் விசாரிக்காதையுங்கோ, ஆள் கடைசி நாளிலை ஆரோடை என்ன கதைச்சது எண்டெல்லாம் விசாரியுங்கோ எண்டு. விசாரிச்சதை வந்து இருந்து எங்கடை பாசையிலை சொல்லுங்கோ, கடிதத்திலை போட்டு அனுப்பிவிட்டால் காணாது எண்டு. வெட்டப் போறியள் எண்டால் முதலே முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ எண்டும் எழுதினன்." கொஞ்சம் மூச்சு விட்டார். "வாசிப்பினமோ தெரியாது."

புரட்டாதி முடியும்போது அக்காவிடமிருந்து திரும்பவும் அழைப்பு வந்தது. ஒரு வருடம் முடிகிறது, வீட்டில் ஆட்டைத்திவசம், வரச்சொல்லி. "வாரும். ஆனா மகள் கதைக்க மாட்டாள். அதுக்கு நான் ஒண்டும் செய்ய ஏலாது," என்றார்.

போனேன். முப்பது பேரளவில் இருந்தார்கள். ஐயர் வந்து கிரியை முடித்துப் போயிருந்தார். சிலர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மகள் எல்லோருக்கும் சோறு பரிமாறிக்கொண்டு வந்தாள். என் முறை வந்தபோது நிமிர்ந்து பார்க்காமல் சோற்றைப் போட்டாள், மேலே பருப்பை விட்டாள், அடுத்தவரிடம் நகர்ந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே இருந்தேன். பிறகு அக்காவிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து, கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த காய்ந்த இலைகளை எடுக்கத் தொடங்கினேன்.